இரண்டு மூக்குக் கிளியும் சுகாதாரப் பிரிவு பஞ்சம்மாளும்

ஊரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். திருத்தங்கலில் பஸ் ஏறி, கண்டக்டர் டிக்கெட் கிழித்து முடிப்பதற்குள் இறங்கிவிட வேண்டிய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊருக்கும் ஒரு முனிசிபாலிட்டி இருந்தது. முனிசிபாலிட்டிக்குள் ஒரு சுகாதாரப் பிரிவு இருந்தது. அந்தப் பிரிவுக்கு ஒரே ஒரு குமாஸ்தா. அவள்தான் காரியாபட்டி சுந்தரபாண்டியின் மூத்த மகள் பஞ்சம்மாள், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், டைப்ரைட்டிங் லோயர் பாஸ்.

அவளுடைய மேசை ஆபீசின் பின்கட்டில், பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் அடுக்கிய அறைக்கு அடுத்த அறையில் கிடந்தது. அந்த வாடையில் ஒரு வருடம் உட்கார்ந்தவர்களுக்குச் சளி பிடிக்காது, மேசைக்கு எறும்பு வராது, சொந்தக்காரர்களும் வரமாட்டார்கள். 1958-இல் அவள் வேலையில் சேர்ந்த அன்று கட்டியிருந்தது அரக்குச் சேலை. அந்தக் காற்றில் அது ரோஜா நிறமாகி, சந்தன நிறமாகி, மூன்றாம் வருடம் தும்பைப் பூவாக வெளுத்துவிட்டது. வெள்ளைச் சேலையைப் பார்த்து நர்ஸ் என்று நினைத்து இரண்டு வீட்டில் பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டுக்குப் போகவும் செய்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. திரும்பி வந்து கையைக் கழுவிவிட்டுப் பிறப்புப் பதிவேட்டில் அவளே எழுதிக்கொண்டாள்.

யாராவது சாக்கடையைத் தெருவில் திருப்பிவிட்டால் நோட்டீஸ் அடிப்பது பஞ்சம்மாள். ஹோட்டல்காரர் ஈயையும் சேர்த்து வடை விற்றால் லைசென்ஸை நிறுத்திக் கடிதம் எழுதுவது பஞ்சம்மாள். கிணற்றுக்கு மருந்து போட்ட தேதி, டி.டி.டி. அடித்த வீடு, பிடித்த நாய், பிடிபடாத நாய் எல்லாம் அவள் கைப்பட நோட்டில் ஏறும். ஒருமுறை மேலத்தெருவில் ஒருவர் நோட்டீஸை வாங்க மாட்டேன் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். பியூன் பலவேசம் திரும்பி வந்து தலையைச் சொறிந்தார். பஞ்சம்மாள் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். வாங்க மறுத்தால், இடத்தில் எளிதில் கண்ணில் படும்படியான ஒன்றின் மேல் ஒட்டலாம் என்று இருந்தது.

"அந்த வீட்டுல கண்ணுல படுறது எது, பெரியாளு?"

"எருமைதான் தாயி. வேற என்ன இருக்கு அங்கன?"

எருமை மேல் ஒட்டியாகிவிட்டது. அந்த எருமை தண்ணிக்குப் போகிற வழியெல்லாம் ஊரே நோட்டீஸைப் படித்தது. மறுநாள் பொழுது விடிவதற்குள் சாக்கடை தன் வழிக்குத் திரும்பியிருந்தது.

இத்தனையும் செய்தாலும் பஞ்சம்மாள் தற்காலிகம். தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை அவளை வேலையிலிருந்து நீக்கி, ஒரு நாள் விட்டு, மறுபடி சேர்ப்பார்கள். நீக்குகிற உத்தரவை டைப் அடிக்க வேறு ஆள் இல்லாததால் அதையும் அவளே அடிப்பாள். கையெழுத்து வாங்கி, அனுப்புகைப் பதிவேட்டில் ஏற்றி, தனக்குத்தானே கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று தானே கையெழுத்தும் போடுவாள். ஒரு தடவை உத்தரவில் தேதி பிழையாக இருக்கிறது என்று வாங்க மறுத்துத் தனக்கே திருப்பி அனுப்பினாள் என்றும் சொல்வார்கள். அதை நான் பார்க்கவில்லை.

இந்தக் கூத்து அவளுடைய அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. 1961 தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சுந்தரபாண்டி மகளை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்.

"தொண்ணூறு நாளைக்கு ஒருதரம் வெளிய போயி உள்ள வாரது வேலையா தாயி? விருந்தாளிகூட அப்படிப் போக மாட்டான். பங்குனிக்குள்ள நிரந்தரம்னு காயிதம் வரணும். வரலைன்னா பெட்டியத் தூக்கிட்டு வந்துரு. தோட்டத்துல மொளகா பறிக்க ஆளில்ல. ஒங்க மாமன் மகனும் எம்புட்டு நாளைக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பான்?"

மாமன் மகன் நல்ல பையன்தான். ஆனால் அவன் பேசுகிற எல்லாம் பருத்தி விலை. பஞ்சம்மாளுக்குத் தன் மேசை, தன் முத்திரை, தன் பதிவேடு இதெல்லாம் கையை விட்டுப் போவதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. திரும்பி வந்ததும் கமிஷனர் அறைக்கு நேராகப் போய்க் கேட்டுவிட்டாள். கமிஷனர் தங்கமானவர், ஆனால் தானாக எதையும் முடிவு செய்து பழக்கமில்லாதவர்.

"பங்குனிப் பொங்கலுக்கு ஜில்லா ஹெல்த் ஆபீசர் சோதனைக்கு வருவார். நோட்டில் உன்னைப் பற்றி ஒரு வரி எழுதட்டும். அன்றைக்கே போட்டுத் தருகிறேன்" என்றார்.

ஒரு வரி. பஞ்சம்மாளின் பிழைப்பு அந்த ஒரு வரியில் தொங்கியது.

பங்குனிப் பொங்கல் என்றால் அம்மன் கோயில் திருவிழா, ஊர் கொள்ளாத கூட்டம். கூட்டத்தோடு காலராவும் வந்துவிடக் கூடாது என்று, ஊசி போட்டுக்கொண்ட சீட்டு இல்லாத எவரையும் திருவிழாவுக்குள் விடுவதில்லை என்று உத்தரவு. உத்தரவு சரி. ஊசிக்கு ஆள் பிடிப்பதுதான் பெரிய பாடு. முந்தின வருடம் மொக்கைச்சாமி என்பவர் ஊசிக்குப் பயந்து பனையில் ஏறி மூன்று நாள் இறங்கவே இல்லை. சாப்பாட்டைக் கயிற்றில் கட்டி ஏற்றினார்கள். மேலேயே தூங்கி, மேலேயே சவரமும் செய்துகொண்டார். எல்லாம் முடிந்துவிட்டது என்று மனைவி சத்தியம் செய்த பிறகு இறங்கினார். ஊசி போடுகிறவர் மரத்தடியில்தான் நின்றார்.

மொக்கைச்சாமியைச் சொல்வானேன்? சானிட்டரி இன்ஸ்பெக்டர் சங்கரபாண்டியனே அப்படித்தான். ஆறடி உயரம், மீசையில் எலுமிச்சம்பழம் நிற்கும். ஆனால் ஊசிப் பெட்டியைத் திறந்தால் அந்த நொடியே அவருக்குத் தெற்குத் தெருச் சாக்கடை ஞாபகம் வந்துவிடும். "நான் போய் ஒரு பார்வை பாத்துட்டு வாரேன் பஞ்சம்மா" என்று சைக்கிளை எடுத்துவிடுவார்.

அந்த வருடம் இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. ஊசிச் சீட்டுக்கான படிவம் வரவில்லை. ஐப்பசியிலேயே கேட்டு எழுதியிருந்தாள். மூன்று நினைவூட்டு அனுப்பினாள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு பதில் வந்தது, பரிசீலனையில் உள்ளது என்று. பொங்கலுக்குப் பதினாலு நாள் இருந்தது. படிவம் இல்லாமல் ஊசி போட்டால் சீட்டு கொடுக்க முடியாது. சீட்டு இல்லாவிட்டால் திருவிழாவுக்குள் விட முடியாது. சோதனைக்கு வருகிற ஆபீசர் எழுதப்போகிற ஒரு வரி என்னவாக இருக்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

பஞ்சம்மாள் குடையை எடுத்துக்கொண்டு திருத்தங்கலுக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே பெத்தணன் ஒரு அச்சாபீஸ் வைத்திருந்தார். பட்டாசு லேபிள்தான் அவருக்குப் பிழைப்பு. பஞ்சம்மாள் விஷயத்தைச் சொன்னாள். பெத்தணன் கையை விரித்தார்.

"அச்சடிக்க ஒரு நாள் போதும் தாயி. தாளுக்கு எங்கன போறது? மெட்ராஸ்ல இருந்து லோடு வந்து ரெண்டு மாசமாச்சு. இங்கன இருக்கது பூராம் கம்பெனி ஆர்டர் தாளு. அதத் தொட்டா என் கைய வெட்டிருவாக."

பஞ்சம்மாள் சுற்றிலும் பார்த்தாள். சுவர் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு அடுக்கு அடுக்காகத் தாள் கிடந்தது.

"அது என்ன அண்ணாச்சி?"

"அத ஏன் கேக்குறீக? அது என் தலையெழுத்து" என்று பெத்தணன் ஒரு தாளை உருவிக் காட்டினார்.

தாளுக்குப் பன்னிரண்டு லேபிள். ஒவ்வொரு லேபிளிலும் மாங்காய்க் கிளையில் ஒரு பச்சைக்கிளி. முதலில் மஞ்சளும் பச்சையும் அடித்து வைத்திருக்கிறார்கள். சிவப்பு அடிப்பதற்குள் ஐப்பசி மழை வந்து, தாள் ஈரம் வாங்கி நீண்டுவிட்டது. கிளி ஓரிடத்தில் நிற்க, சிவப்பு இன்னோரிடத்தில் விழுந்திருந்தது. சில கிளிக்கு இரண்டு மூக்கு. சிலதுக்கு மூக்கு முதுகில். ஒன்றுக்கு மூக்கே இல்லை, மாங்காய்க்கு மட்டும் ஒரு மூக்கு.

"கம்பெனிக்காரரு பாத்துட்டு, இத ஒட்டுனா வெடி முன்னாடி வெடிக்குமா பின்னாடி வெடிக்குமான்னு கேட்டாரு தாயி. ஒரு தாளு எடுக்கல."

பஞ்சம்மாள் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் பால் போல வெள்ளை.

இந்த இடத்தில்தான் அவள் ஒரு தப்புக் கணக்குப் போட்டாள். சர்க்கார் காகிதத்தின் பின்பக்கத்தை உலகத்தில் எவரும் பார்ப்பதில்லை என்பது ஆபீசில் உட்கார்ந்து அவள் கற்ற பாடம். அது ஆபீசுக்கு வேண்டுமானால் சரி. பட்டாசு சுருட்டிப் பிழைத்து, லேபிளோடு பிறந்து லேபிளோடு வளர்கிற அவள் ஆபீஸ் இருக்கிற ஊர் ஜனங்கள் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் படம் எந்தப் பக்கம் என்றுதான் புரட்டுவார்கள். காரியாபட்டியில் பிறந்தவளுக்கு அது உடம்பில் ஊறவில்லை.

"இதுலயே அடிச்சுக் குடுங்க அண்ணாச்சி. ஊசிச் சீட்டு முன்பக்கம். ஆளுக்கு ஒரு நம்பர் வேணும். நம்பர் மிஷினை நல்லா அழுத்தி அடிங்க, ஒருத்தரும் அழிச்சுத் திருத்தக் கூடாது."

"அழுத்துறதுன்னா சொல்லுங்க, அந்தப் பக்கம் தடவுனாலே நம்பர் தட்டுப்படும்" என்றார் பெத்தணன்.

முதல் நாள் பத்துப் பேர் வந்தார்கள். வந்தார்கள் என்றா சொன்னேன்? பலவேசம் இழுத்துக்கொண்டு வந்தார். ஊசி போடுகிறவர் ஊசி போட, பதிவேட்டில் பெயர் எழுதிச் சீட்டைக் கொடுத்தாள் பஞ்சம்மாள். பத்துப் பேரும் கையைத் தேய்த்தபடியே சீட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். தேய்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"ஏலே, ரெண்டு மூக்குலே!"

"எனக்கு முதுகுல இருக்குடா!"

அரைமணி நேரத்தில் ஆபீஸ் வாசலில் நூறு பேர். மறுநாள் வரிசை பஸ் ஸ்டாண்டைத் தொட்டது. இரண்டு மூக்குக் கிளி வீட்டில் இருந்தால் பேதி அண்டாது என்று ஒருவர் ஆரம்பித்தார். மாங்காய் மூக்குக் கிடைத்தால் பிள்ளை பிறக்கும் என்று இன்னொருவர் முடித்தார். மொக்கைச்சாமி வரிசையில் முதல் ஆளாக நின்று, இடது கையில் ஒன்று போட்டதும் வலது கையையும் நீட்டினார். ஆலங்குளம் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சங்கரபாண்டியனே ஐந்தாம் நாள் மீசையைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கையை நீட்டினார். கண்ணைத் திறந்ததும் முதல் கேள்வி, "எனக்கு ரெண்டு மூக்குதானே பஞ்சம்மா?"

ஒரே ஆள் இரண்டு தடவை ஊசி போட்டுக்கொள்ள வருவதுதான் பெரிய தலைவலி. மேலத்தெருப் பேச்சியம்மாளுக்கு முதலில் கிடைத்தது மூக்கில்லாத கிளி. மத்தியானம் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வந்து நின்றாள்.

"பேரு?"

"மூக்கம்மா."

"ஏன் மூக்கம்மா, காலையில பேச்சியம்மா போட்டுக்கிட்ட ஊசிக்கு ஒங்களுக்கு ஏன் கை வீங்கியிருக்கு?"

"அவ என் அக்கா. எங்களுக்குள்ள அம்புட்டுப் பாசம்."

பஞ்சம்மாள் சிரிக்காமல் அவளைத் திருப்பி அனுப்பினாள். பேச்சியம்மாளின் வரியிலிருந்தே பதிவேட்டில் எந்தக் கையில் ஊசி, எந்த ஊர் ஆள் என்று இரண்டு கட்டம் கோடு போட்டுச் சேர்த்துக்கொண்டாள். ஒவ்வொருவரிடமும் இரண்டு கையையும் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் பேனாவைத் தொட்டாள். பொங்கலுக்கு முந்தின நாள் கணக்கை முடித்து, தந்தியில் மதுரைக்கு அனுப்பினாள். ராமநாதபுரம் ஜில்லாவுக்கு அப்போது மதுரையில்தான் ஆபீஸ்.

தந்தி போன மறுநாளே ஜில்லா ஹெல்த் ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். ஒல்லியான மனிதர், தங்கப் பிரேம் கண்ணாடி, சிரிப்பே வராத முகம். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

"இந்த ஊர் மக்கள்தொகை என்னம்மா?"

"ஒன்பதாயிரத்து எண்ணூத்து நாப்பதுங்கய்யா."

"ஊசி போட்டது?"

"பத்தாயிரத்து முந்நூத்துப் பதினேழுங்கய்யா."

"அதாவது ஊர்ல இருக்கற அத்தனை பேருக்கும் போட்டு, அதுக்கு மேலயும் நானூத்தி எழுபத்தேழு பேர். செத்துப்போனவங்களுக்கும் போட்டீங்களா?"

"இல்லைங்கய்யா, அவுகளுக்குத் தனி நோட்டு" என்றார் கதவோரம் நின்ற பலவேசம்.

ஆபீசர் சிரிக்கவில்லை. மேசையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன?"

"கிளிங்கய்யா."

"கிளின்னு தெரியுது. சர்க்கார் படிவத்துல கிளி எங்கேருந்து வந்தது?"

"அது பின்பக்கம்ங்கய்யா. முன்பக்கம் விதிப்படி இருக்கு."

"இன்ஸ்பெக்டர், இது உங்களுக்குத் தெரிஞ்சு நடந்ததா?"

சங்கரபாண்டியன் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் அன்னைக்குத் தெற்குத் தெருச் சாக்கடையப் பாக்கப் போயிருந்தேன் சார்" என்றார்.

ஆபீசர் பேனாவைத் திறந்தார். சோதனை நோட்டு அவர் முன்னால் விரிந்து கிடந்தது. "பொய்க் கணக்கு எழுதின தற்காலிக ஊழியரை வச்சிருக்கறதுக்கு நான் எப்படிம்மா சம்மதிக்க முடியும்? நாளைக்கே நிறுத்தச் சொல்லி எழுத வேண்டியிருக்கும்."

பஞ்சம்மாள் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அச்சடிச்சது என் யோசனைங்கய்யா. அதுக்கு என்ன வேணும்னாலும் எழுதுங்க. எண்ணிக்கை பொய்யின்னு மட்டும் எழுதிராதீக. ஒவ்வொரு கையையும் நான் பாத்திருக்கேன். தெருவுல எறங்குவோம், நீங்களே எண்ணிப் பாருங்க. ஒண்ணு குறைஞ்சாலும் நானே என் நீக்க உத்தரவை டைப் அடிச்சுத் தாரேன்."

அதில் அவளுக்கு இருந்த பழக்கம் ஆபீசருக்குத் தெரியாது. எழுந்துவிட்டார்.

மேலத்தெருவில் நுழைந்தார்கள். முன்னால் ஆபீசர், பக்கத்தில் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஞ்சம்மாள், பின்னால் சங்கரபாண்டியன், அவருக்குப் பின்னால் ஊர். ஒவ்வொரு கதவிலும் கிளி. நாலு பேர் இருக்கிற வீட்டில் நாலு, ஒன்பது பேர் இருக்கிற வீட்டில் ஒன்பது. திருவிழா வாசலில் சீட்டைக் காட்ட வேண்டும் என்பதையும் மறந்து, பட்டாசுக் குழல் சுருட்ட வீட்டுக்கு வீடு காய்ச்சுகிற பசையில் ஒட்டியிருந்தார்கள். கதவு பெயர்ந்தாலும் கிளி பெயராது.

முதல் வீடு பேச்சியம்மாளுடையது.

"ஊசிச் சீட்டைக் காட்டும்மா" என்றார் ஆபீசர்.

"இந்தா இருக்குல்ல சாமி."

"இது கிளி. சீட்டு எங்கே?"

"அது அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"கதவுப் பக்கம்."

ஆபீசர் திரும்பிப் பஞ்சம்மாளைப் பார்த்தார். அத்தாட்சி முழுவதும் எழுத்து உள்ளே, படம் வெளியே என்று ஊர்க் கதவுகளில் ஒட்டிக் கிடந்தது. பஞ்சம்மாள் கதவருகே போய், கிளியின் வாலுக்குக் கீழே விரலை வைத்துத் தடவினாள். பெத்தணன் வாக்குத் தவறவில்லை. நம்பர் தழும்பு போலப் புடைத்துக்கொண்டு நின்றது, ஆனால் இடவலம் மாறி.

"பேச்சியம்மாக்கா, வெத்தலைப் பெட்டிக் கண்ணாடி இருந்தாக் கொண்டாங்க."

கண்ணாடி வந்தது. ஆபீசர் குனிந்து, கண்ணாடியைச் சாய்த்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். "ரெண்டு... நாலு... ஒண்ணு... ஏழு."

பஞ்சம்மாள் பதிவேட்டைப் புரட்டினாள். "ரெண்டாயிரத்து நானூத்துப் பதினேழு. பேச்சியம்மாள், வயசு நாப்பது, மேலத்தெரு, வலது கை."

பேச்சியம்மாள் வலது கையை ஆபீசரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இன்னும் வலிக்குது சாமி. வலிச்சதுக்கு மூக்கில்லாத கிளியக் குடுத்துட்டா இந்தப் பொண்ணு. அத மாத்தித் தரச் சொல்லி ஒரு வரி எழுதுங்க."

இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு. நம்பர் படிக்கப் படிக்க ஆபீசருக்கு அதில் ஒரு ருசி தட்டிவிட்டது. கோட்டைக் கழற்றிச் சங்கரபாண்டியன் தோளில் போட்டார். ஏழாம் வீட்டிலிருந்து கண்ணாடியும் வேண்டாம் என்று விரலாலேயே படித்தார். பாதித் தெருவில், வேறொரு பட்டாசுக் கம்பெனி முதலாளி காசிராஜன் கும்பிட்டபடி எதிரே வந்தார்.

"ஐயா, போட்டிக் கம்பெனிக் கிளிய சர்க்கார் இப்படி ஊர் பூராம் ஒட்டுனது நியாயமா? எங்க லேபிள்லயும் சிங்கம் இருக்கு. வேணும்னா ரெண்டு வாலு வச்சே அடிச்சுத் தாரோம். அடுத்த பொங்கலுக்கு எங்களுக்குக் குடுங்க."

"சிங்கத்தைப் பார்த்தா ஊசிக்கு யாரும் வர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஆபீசர் அடுத்த கதவுக்குப் போனார்.

மேலத்தெருவில் பதிவேட்டுப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கடைசிக் கதவில் எண்ணி முடித்தபோது கிளி இருநூற்றுப் பதினொன்று. பஞ்சம்மாள் மறுபடி கூட்டினாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து பாலம்மாள் என்ற கிழவி வந்தாள். "ஏ தாயி, என்னோடது ஒட்டல. பசை தடவி வெளிய வச்சேன், ஆடு தின்னுருச்சு. அந்தா ஆடு நிக்குது. வேணும்னாத் தடவிப் பாருங்க."

ஆபீசர் ஆட்டைப் பார்த்தார். ஆடு ஆபீசரைப் பார்த்தது. கிழவியின் கையைத் திருப்பி ஊசித் தடம் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இருநூத்தி பன்னெண்டு" என்றார். தெருவே கை தட்டியது.

ஆபீசுக்குத் திரும்பியதும் ஆபீசரின் முகம் மறுபடி கடுத்துவிட்டது. "ஊர்க்காரங்க சரி. அந்த நானூத்தி எழுபத்தேழு பேர்?"

பஞ்சம்மாள் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தைக் காட்டினாள். ஆலங்குளம், திருத்தங்கல், காரியாபட்டி என்று ஊர் ஊராக வரிசை நின்றது. "நம்ம ஊர் ஆள் நூத்துக்கு எம்பது கூடத் தேறலைங்கய்யா. மிச்சம் ரெண்டாயிரத்துக்கு மேல வெளியூர். அதையும் பிரிச்சு எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்கீங்க. இவங்க வந்தாங்கன்னு நான் எப்படி நம்பறது? காரியாபட்டியில போய் எந்தக் கதவைத் தடவறது?"

அதுவரை ஜீப் மேல் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஒச்சப்பன் பீடியை மிதித்துவிட்டு ஜன்னலருகே வந்தார்.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. காரியாபட்டியில என் வீட்டுக் கதவத் தடவலாம்."

"உன் வீடா?"

"போன வியாழக்கெழம ஜீப்பு ரிப்பேருன்னு சொன்னேன்ல? ரிப்பேரு இல்ல. சம்சாரமும் அவ ஆத்தாளும் கிளி வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாக. இங்கனதான் கொண்டாந்தேன். ரெண்டு பேருக்கும் எடது கை."

பஞ்சம்மாள் ஏற்கெனவே அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டாள். "வெள்ளைத்தாய், காரியாபட்டி, இடது. அடுத்து பத்திரகாளி, காரியாபட்டி, இடது."

ஆபீசர் டிரைவரைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். அன்று முதன்முறையாக அவர் உதட்டோரம் ஒரு பக்கம் அசைந்தது. உட்கார்ந்து சோதனை நோட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

அறையில் பேனா கீறுகிற சத்தம் மட்டும்தான். சங்கரபாண்டியன் தோளில் கோட்டோடு அசையாமல் நின்றார். மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற பஞ்சம்மாளின் கண்கள் நோட்டில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. ஆபீசர் முதல் பத்தியில் படிவம் விதிக்குப் புறம்பானது, இனி இப்படி நடக்கக் கூடாது என்று எழுதினார். அவள் முகம் சுருங்கியது. இரண்டாம் பத்தியில் எண்ணிக்கை நேரில் சரிபார்க்கப்பட்டது, இந்த ஜில்லாவில் இதுவரை கண்டிராதது என்று எழுதினார். முகம் கொஞ்சம் விரிந்தது. மூன்றாவதாக ஒரே ஒரு வரி எழுதினார். எழுதிவிட்டுக் கையெழுத்துக்காகப் பேனாவைக் கீழே கொண்டுபோனார்.

"ஐயா, ஒரு நிமிசம்" என்றாள் பஞ்சம்மாள்.

"என்ன?"

"நிரந்தரமாக்கலாம்னு போட்டு, அதுக்குக் கீழ விதி நம்பர் போட்டிருக்கீகல்ல. அது லீவு விதிங்கய்யா. அப்படியே போனா எனக்கு நிரந்தரமா லீவு குடுத்துருவாக."

ஆபீசர் தலையைத் தூக்கினார். நோட்டைப் பார்த்தார், அவள் நிற்கிற பக்கத்தைப் பார்த்தார்.

"தலைகீழா இருக்கறதையா இவ்வளவு நேரம் படிச்சீங்க?"

"நேரா வச்சு யாரும் எனக்குக் காட்டுனதில்லைங்கய்யா."

ஆபீசர் நோட்டை மெல்லத் திருப்பி, அவள் பக்கமாக நகர்த்தி, பேனாவை அதன் மேல் வைத்தார்.

"சரியான நம்பரை நீங்களே போடுங்கம்மா. நான் கீழ கையெழுத்துப் போடறேன்."